மகளின் குதிரையில் பணம் கட்டாதவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை சூசை அண்ணையின் மகள் டிலானி அழைத்தாள். "ரீச்சர், அப்பா மோசம் போட்டார்" என்றாள். எப்படி இறந்தார் என்று நான் கேட்பதற்கு முன்பே, "நித்திரையிலதான். கஷ்டப்படேல்லை" என்றும் சொன்னாள்.

சூசை அண்ணையை இங்கே சுவிஸில் உங்களில் பலர் ஓல்டன் முதியோர் இல்லத்துச் சமையற்காரராக அறிவீர்கள். ஆராவ் குதிரைப் பந்தயத் திடலில் அவரைக் கண்டவர்கள் சிலர். கண்டும் வெளியே சொல்லாதவர்கள் இன்னும் சிலர்.

அந்தத் திடலுக்கு என்னைக் கூட்டிச் சென்றவரும் அவர்தான். தடை தாண்டும் ஓட்டம் ஒன்று தொடங்க இருந்தது. ஏராளமான குதிரைகள், ஒவ்வொன்றும் சுமக்க வெவ்வேறு பாரம். எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார்:

"உங்கட வகுப்பில நல்லா ஓடுற பெடியன்ர முதுகில புத்தகப் பையைக் கொழுவுங்கோ. மெதுவா ஓடுறவனை வெறுங்கையோட விடுங்கோ. இப்ப ஆர் வெல்லுவினம்?"

"தெரியாது."

"அதுதான் பந்தயம், ரீச்சர். தெரிஞ்சால் அது சம்பளம்."

வகுப்பில் நான் சொன்ன எந்த உதாரணமும் அவ்வளவு விரைவில் யாருக்கும் விளங்கியதில்லை. ஒரு கோப்பி குடிக்கும் காசுக்கு மேல் அவர் பந்தயத்தில் கட்டியதுமில்லை.

என்னிடம் தமிழ் படித்த அவருடைய மகள் டிலானி, வங்கித் தொழிற்பயிற்சியை முடித்த கையோடு ஒரு குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சவாரி பழகினாள். தாய் புஷ்பம் அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. தடை தாண்டும் ஓட்டத்தில் மகள் முதன்முதல் ஓடப்போகிறாள் என்றதும் ஒரே முடிவாகச் சொன்னார்: "விழுந்தாளெண்டால் இதோட சரி. திரும்ப வங்கிக்குத்தான்." தகப்பனும் மகளும் ஒத்துக்கொண்டார்கள்.

ஓட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் திடலின் வேலியோரம் நின்றோம். சூசை அண்ணையின் கையிலிருந்த பந்தயச் சீட்டைப் புஷ்பம் அக்கா எட்டிப் பார்த்தார்.

"இது ஒம்பதெல்லோ. பிள்ளையின்ர நம்பர் பதினாலு."

"ஓம்."

"பெத்த பிள்ளையில நம்பிக்கையில்லாத மனுசன். ஊரான்ர குதிரையில மட்டும் நம்பிக்கை."

"அவளில கட்டினால் நான் காசைத்தான் பாப்பன், புஷ்பம். ஏன் பின்னுக்கு வாறாள் எண்டு கோவம் வரும். அவள் தாண்டுறதைக் காணமாட்டன்."

அக்கா பந்தயம் கட்டும் இடத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் கையிலும் ஒரு சீட்டு இருந்தது. பதினாலு. "வீட்டில ஆராவது ஒராள் கட்டவேணுமெல்லோ" என்றார்.

முதல் தடையிலேயே நெரிசல். முன்னால் போன ஒரு குதிரை சரிய, அதில் தடுக்கி இன்னொன்றும் விழுந்தது. டிலானி தன் குதிரையை வெளிப்பக்கம் எடுத்துத் தாண்டினாள். "சரி" என்றார் சூசை அண்ணை, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கும்படி. அடுத்த தடையிலும் "சரி". பார்க்கவே மாட்டேன் என்று வந்த புஷ்பம் அக்கா வேலியில் ஏறாத குறையாக, "விடாதை பிள்ளை, விடாதை" என்று கத்திக்கொண்டிருந்தார்.

டிலானி ஏழாவதாக வந்தாள். விழவில்லை.

"ஏழாவதுக்குக் காசு தரமாட்டாங்களோ?" என்று அக்கா கேட்டார்.

"தரமாட்டாங்கள்."

"அப்ப அடுத்தமுறை பிள்ளைக்குப் பாரத்தைக் குறைக்கச் சொல்லுங்கோ."

அடுத்தமுறை என்ற சொல் வந்துவிட்டது. சூசை அண்ணை அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகக் காட்டவில்லை. என் பக்கம் திரும்பி, "ரீச்சர், எந்தக் குதிரை வெண்டது?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

என் வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்குப் புள்ளி போட்டவள் நான். அது தேவையான வேலைதான். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் எத்தனையாவது என்று கேளாமல், ஒரு பிள்ளை தன் பாதையை ஓடி முடிக்கும்வரை கண்ணெடுக்காமல் நிற்கும் ஒரு பார்வை உண்டு. சூசை அண்ணையிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அதைத்தான்.

டிலானி அடுத்த மாதம் மறுபடியும் ஓடுகிறாள். தகப்பனை இழந்த துக்கத்தோடும் ஓடுவேன் என்கிறாள், ஓடுவாள். புஷ்பம் அக்கா வழக்கம்போல் அவளில் கட்டுவார். நான் கட்டமாட்டேன். பிள்ளையைப் பார்க்கவும் ஒராள் வேண்டும்.