ஏரிக்கரை வகுப்புக்குக் கிடைத்த அனுமதி

எருமப்பட்டிப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சாலம்மாள் ஆறு வருஷமாக அறிவியல் டீச்சர். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடுக்கு ஒன்பதாம் வகுப்பை ஊர் ஏரிப் புறம்போக்குக்குக் கூட்டிப் போய்விடுவாள். தண்ணீர் எட்டிப் பார்ப்பதே அபூர்வமான ஏரி. ஆவாரஞ்செடிக்கும் சூரை முள்ளுக்கும்தான் அங்கே ஆட்சி. யாரிடமும் அவள் கேட்டதில்லை, யாரும் தடுத்ததுமில்லை.

இந்த ஜூலையில் ஆள்காட்டிக் குருவி ஒன்று கரைக்குக் கீழே வெறும் தரையில் நாலு முட்டை இட்டது. யாரும் மிதித்துவிடாமல் இருக்கப் பிள்ளைகள் கொஞ்சம் எட்டச் சுற்றிலும் கல் வைத்தார்கள். குஞ்சு பொரிக்க இருபத்தெட்டு நாள். தனப்பிரியா என்ற மாணவி கரும்பலகை ஓரத்தில் நாளைக் குறித்து வந்தாள். பொரித்த அன்றே குஞ்சு எழுந்து ஓடும் என்று டீச்சர் சொன்னபோது, பார்த்தால்தான் நம்புவேன் என்றாள் அவள். அதைக் காட்டிவிட வேண்டுமென்று சாலம்மாளுக்கு அவளைவிட ஆசை.

புதிதாக வந்த தலைமையாசிரியர் தீனதயாளன் எதற்கும் காகிதம் கேட்கிற மனுஷர். "எழுத்துல வாங்கிப் போட்டுட்டா நாளைக்கு நமக்குத் தொந்தரவு இல்லீங்களே டீச்சர்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அனுமதி கேட்டுக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினாள். கூடவே ஒரு வரைபடம், முட்டை இருந்த இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டு.

யாராவது அதைப் பார்த்தால்தானே. வெளி வகுப்பைப் பார்வையிட வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரியே வருகிறார் என்று பதில் வந்தது. அதிகாரி வந்தால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆறு வருஷம் அரசுப் பள்ளியில் குப்பை கொட்டியவளுக்குத் தோன்றவில்லை, அதுதான் கொடுமை.

அது இருபத்தைந்தாம் நாள். போனால், ஏரி மொட்டையாகக் கிடந்தது. ஜேசிபி சீவிய தரையில் இரண்டு கோடாகப் பிளீச்சிங் பவுடர், நடுவில் சாமியானா. பிள்ளைகள் வைத்த கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து மேடைக்குப் போகும் வழியில் வரிசை கட்டியிருந்தார்கள்.

பஞ்சாயத்து வேலைகளைப் பார்க்கும் வேலுமணி ஓடி வந்தார். "முள்ளுக்காடாக் கெடந்துச்சுங்க டீச்சர். புள்ளைங்க ஒக்கார்ற எடமாச்சேன்னு நேத்துப் பூரா நின்னு ஊட்டு வாசலாட்டம் பண்ணிப்போட்டனுங்க." முகமெல்லாம் சந்தோஷம். அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

ஆணும் பெண்ணுமாக ஆள்காட்டி இரண்டும் சாமியானாவுக்கு மேலே கத்திக்கத்திச் சுற்றின. அதிகாரி இயற்கையைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். நடுவில் அண்ணாந்து பார்த்து, "பறவைகள்கூட நம்மை வரவேற்கின்றன" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சாலம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தி, அனுமதி உத்தரவைக் கையில் கொடுத்தார். வருஷம் முழுக்க, எல்லா வெள்ளிக்கிழமையும்.

திரும்பி நடக்கையில் தனப்பிரியா பக்கத்தில் வந்தாள்.

"ஏனுங்க டீச்சர், முட்டை இருக்கற எடத்த லெட்டர்ல போட்டிருந்தீங்கல்ல?"

"போட்டிருந்தேன் சாமி."

"அப்பறம் ஏனுங்க இப்படிப் பண்ணுனாங்க?"

சாலம்மாள் பொன்னாடையைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடுக்குப் பிள்ளைகள் வழக்கம்போல எழுந்து நின்றார்கள். உட்காரச் சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். அனுமதி இல்லாத ஆறு வருஷத்தில் ஒரு வாரம்கூட அவள் அப்படிச் செய்ததில்லை.