செங்கல் மேல் நிற்கும் கட்டில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலுக்கு அடியில் இருப்பதையெல்லாம் வெளியே இழுத்துத் தரையைத் துடைப்பது மாதங்கியின் வேலை. இரண்டு தகரப் பெட்டிகள், கம்பளிகள் அடைத்த ஒரு சூட்கேஸ், திரைச்சீலைத் துணிச் சுருள்கள், ஒரு பெரிய இட்லிப் பானை. இழுப்பது அவள், துடைத்து உலர்ந்தபின் திரும்பத் தள்ளுவது கணவர் பாலசுப்ரமணியன். முதுகு வலிக்கிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கட்டிலின் கதையில் அவருக்கும் பங்கு உண்டு.

கட்டிலின் நான்கு கால்களும் செங்கல் மேல் நிற்கின்றன, காலுக்கு மூன்றாக. ஊரார் வீட்டை அழகுபடுத்துகிறவள் வீட்டில் இப்படியா என்று வருகிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள். மாதங்கி மறைப்பு எதுவும் தொங்கவிடவில்லை.

கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து வங்காளத்து டாலிகஞ்சுக்கு வந்தபோது, இந்தத் தரைத்தள வீட்டைக் காலி செய்த வங்காளிக் குடும்பம் விட்டுப்போன கட்டில் அது. ஏறுவதற்கு முக்காலி வேண்டும். பாயில் படுத்து வளர்ந்தவளுக்கு அது கட்டிலாகவே தோன்றவில்லை, பரணாகத் தோன்றியது. கட்டில் கால்களை ஓரடி வெட்டிவிடலாம் என்றாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பாலசுப்ரமணியனாவது தடுத்திருக்க வேண்டும். புது மனைவி சொல்கிறாளே என்று ரம்பம் பிடித்துக் கொடுத்தார். தச்சர் நிமாய் மிஸ்திரி மட்டும், அண்ணி முறை வைத்து, வேண்டாம் பௌதி, கட்டில் உயரமாக இருப்பது சும்மா இல்லை என்றார். மாதங்கிக்கு அப்போது வங்காளி அவ்வளவாகப் புரியாது. புரிந்த அளவுக்கு நம்பவும் இல்லை. ஆடி பிறக்குமுன் ஒரு மழையில் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து, இலவம்பஞ்சு மெத்தை அதை முழுசாகக் குடித்தது. இரண்டு நாள் சாப்பாட்டு மேஜைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வடிந்ததும் பாலசுப்ரமணியன் போய்ப் பன்னிரண்டு செங்கல் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மாதங்கி முதலில் பார்ப்பது தரையைத்தான்.

கரியாஹாட் கடைத்தெருவில் துணி எடுத்து அக்கம்பக்கத்துக்குத் திரை தைத்துக் கொடுத்ததில் ஆரம்பித்த வேலை. பிறகு சோபா உறை, மெத்தை, விளக்குக் கூடு. பதினெட்டு வருஷமாகிறது. இப்போது எல்லோரும் போனில் ஒரு படத்தை நீட்டுகிறார்கள். சுவரெல்லாம் அரிசி களைந்த தண்ணீர் நிறம், அலமாரிக் கதவில் பிரம்புப் பின்னல், விளக்கு எங்கே என்று தெரியாமல் வெளிச்சம் மட்டும். மாதங்கி எதையும் பழிப்பதில்லை. பிரம்பு இந்த ஊருக்கு ஒத்துவரும்; வெல்வெட் சோபா ஆவணிக்குள் பூஞ்சை பிடிக்கும். சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் திரும்ப வந்தார்கள். ஆனால் ஒரு முழு வீட்டை, தச்சர், பெயின்டர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் தன் பேச்சைக் கேட்டு வேலை செய்ய, தானே முடித்துக் கொடுத்ததில்லை. லேக் கார்டன்ஸில், அவளுக்குத் தெரிந்த ரோஹிணி என்ற தமிழ்ப் பெண் வாங்கியிருக்கும் தரைத்தள ஃபிளாட்தான் முதலாவதாக இருக்கப்போகிறது. நிமாயிடம் வேறு வேலை ஒத்துக்கொள்ளாதே என்று சொல்லி வைத்திருந்தாள்.

இந்த ஞாயிறு மத்தியானம் அந்த ஃபிளாட்டுக்குப் போனபோது ரோஹிணி தெளிவாகச் சொல்லிவிட்டாள். அவள் ஜம்ஷெட்பூரில் வளர்ந்தவள். கணவன் அபினவின் வேலைக்காகப் பொங்கலுக்குப் பிறகுதான் இந்த ஊருக்கு வந்தாள்; இங்கத்து மழையைப் பார்த்ததில்லை. படுக்கையறையில் தரையோடு ஒட்டிய கட்டில் வேண்டும், பத்து இன்ச்சுக்கு மேல் போகக்கூடாது. ஒரு கம்பெனி அதே மாதிரிப் படம் போட்டு அனுப்பியிருக்கிறது. சரி என்றால் நாளைக்கே ஆள் வரும்.

"உங்காத்துக் கட்டில் மாதிரி பண்ணிடாதீங்கோ மாமி, ப்ளீஸ். செங்கலுக்கு மேட்சா நான் பெட்ஷீட் தேட முடியாது."

மாதங்கியும் சிரித்தாள். "செங்கல் வேண்டாம். இரும்புக் கால் போட்டு உள்ளே தள்ளி வெச்சுடறேன். வாசல்லேர்ந்து பாத்தா கட்டில் மிதக்கற மாதிரி இருக்கும். ஆனா இருபது இன்ச். அதுக்குக் கீழே நான் பண்றதில்லை."

"இருபது இன்ச்னா அது லோ பெட்டே இல்லையே மாமி."

"இல்லைதான்."

ரோஹிணி பேச்சை மாற்றினாள். சுவரைக் காட்டி, இந்த டூ-டோன் மட்டும் அப்படியே இருக்கட்டும், விற்றவருக்கு நல்ல ரசனை என்றாள். கீழ்ப்பகுதி கரும்பச்சை ஆயில் பெயின்ட், மேலே வெள்ளை. எல்லா அறையிலும் பச்சை ஒரே உயரத்தில் நின்றது. மாதங்கி அதைப் பார்த்தாள். பிறகு விற்றவர் விட்டுப்போன இரும்பு பீரோவின் அடியைப் பார்த்தாள். துருவேறி உதிர்ந்திருந்தது.

இதைக் கொஞ்சம் நகர்த்தலாம், ஒரு கை கொடு என்றாள். இரண்டு பேரும் முட்டுக் கொடுத்துத் தள்ளினார்கள். பீரோவுக்குப் பின்னால் பெயின்டரின் கை போகவில்லை. அழுக்கு வெள்ளைச் சுவரில், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு. அதற்கு நாலு விரல் கீழே இன்னொன்று. கோட்டுக்குக் கீழே சுவர் உப்புப் பூத்துப் பொரிந்திருந்தது.

"என்ன மாமி இது?"

"போன வருஷத்து மழை. கீழே இருக்கறது அதுக்கு முந்தினது."

ரோஹிணி பச்சைப் பெயின்டையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்; அந்தக் கோட்டை மறைக்கும் உயரத்துக்குத்தான் பச்சை ஏறியிருந்தது. மாதங்கி பையிலிருந்து டேப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"நான் சொல்ல வேண்டாம். நீயே அளந்து பாரு."

ரோஹிணி தரையில் மண்டியிட்டு டேப்பின் நுனியை மொசைக்கில் ஊன்றிக் கோடுவரை இழுத்தாள். பதினேழு. இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள்; அதேதான். பக்கத்தில் தரைமேல் கிடந்த போனில் அந்தக் கம்பெனியின் படம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வெள்ளை மெத்தை, கீழே சடைக் கம்பளம், மூலையில் ஒரு தொட்டிச்செடி.

நாளைக்கு அந்தக் கம்பெனி ஆள் வந்தால் அவனிடமும் இதைக் காட்டு, அவன் என்ன சொல்கிறான் என்று கேள் என்றாள் மாதங்கி. கைக்குட்டையால் உள்ளங்கைத் துருவைத் துடைத்துக்கொண்டாள். பையைத் தோளில் மாட்டினாள்.

"நாளைக்குக் காலம்பற நிமாயை வரச் சொல்லட்டுமா?"

ரோஹிணி நிமிரவில்லை. டேப்பைச் சுருட்டவும் இல்லை. பத்து இன்ச்சில் கட்டை விரலை வைத்துக்கொண்டு, கோடுவரை மேலே மிச்சமிருக்கும் ஏழு இன்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதங்கி டேப்பைத் திருப்பிக் கேட்கவில்லை. கதவோரம் சாய்த்திருந்த குடையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.