கோல் கம்பத்தடித் தோடம்பழம்

இது நடந்தது, குஞ்சுகளே. யசீகரன் என் வீட்டு மேசையில், தேத்தண்ணி ஆற ஆறச் சொன்னது. பயம் வந்தால் பக்கத்தில் இருக்கிறவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கோ.

பாபகூரா என்ற ஊர்ப் பக்கம் ஒரு கல்லூரி. எண்பதுகளில் அதன் கால்பந்து மைதானம் வெறும் சேறு. வந்தவன் போனவன் எல்லாம் வென்றுவிட்டுப் போவான். பிறகு பிஜிக்காரர் நரேந்திரா மாஸ்டர் பயிற்சியாளராக வந்தார். இருபது வருசத்துக்கு மேல், சொந்த மைதானத்தில் அந்த அணியை அசைக்க ஆளில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் ஒரு தோடம்பழத் துண்டை, நீங்கள் ஆரஞ்சு என்கிறீர்களே அதை, கோல் கம்பத்தடியில் வைப்பார். "மண்ணுக்கு முதல் பங்கு" என்பார். போன வருசம் அவர் செத்தார். பெடியள் அந்தத் துண்டை அவருக்கே படைக்கத் தொடங்கினார்கள்.

அவருடைய இடத்துக்கு வந்தவன்தான் யசீகரன். முதல் ஆட்டமே வெற்றி. பெற்றோர் வந்து கை கொடுத்தார்கள். கொடுத்த கையோடு, "என்ன இருந்தாலும் மாஸ்டரின்ர மைதானமெல்லோ" என்றார்கள்.

யசீகரன் தனக்குள் பொருமினான். மழையில் நனைந்து பழக்கினது நான். பேர் செத்தவருக்கோ?

அடுத்த ஆட்டத்தில் அந்தத் துண்டைக் காலால் எத்திவிட்டான். "இனி இந்தப் படையல் வேண்டாம்."

"சேர், மாஸ்டர் கோவிப்பார்," என்றான் அணித்தலைவன் குணால்.

"கோவிச்சு என்ன செய்வார்? எழும்பி வந்து விசில் ஊதுவாரோ?"

அன்று தொடங்கியது. மற்றவர்களின் மைதானத்தில் வெற்றி. சொந்த மண்ணில் தோல்வி. திரும்பவும் தோல்வி. சொந்த மைதானத்தில் நடக்கும் கடைசி ஆட்டமும் வெல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று கல்லூரி சொல்லிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை தூறல். நாலரை மணிக்கே இருண்டுகொண்டு வந்தது. இரண்டு அணிக்கும் ஒவ்வொரு கோல். கடைசி நிமிடத்தில் யசீகரனின் அணிக்குப் பெனால்டி.

குணால் பந்தை வைத்தான்.

அப்போது... கோலுக்குப் பின்னால்...

டப். டப்.

யாரோ கை தட்டினார்கள். யசீகரன் பார்த்தான். ஒருவருமில்லை.

எதிரணிக் கோல்கீப்பர் தலையைச் சரித்தான். யாரோ காதுக்குள் கதைப்பது போல...

குணால் உதைத்தான்.

கீப்பர் முதலே பாய்ந்துவிட்டான். பந்து அவன் நெஞ்சில்.

ஆட்டம் முடிந்தது. அந்தக் கீப்பர் பெடியன் சிரித்துக்கொண்டு வந்தான். "உங்கட பெரியவர் நல்ல மனுசர்," என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

"எந்தப் பெரியவர்?"

"கோலுக்குப் பின்னால நிண்டவர். பசிக்குது எண்டார். இடைவேளைக்குத் தந்த என்ர தோடம்பழத் துண்டைக் குடுத்தன். 'அவன் இடப்பக்கம்தான் அடிப்பான், நான்தானே பழக்கினேன்' எண்டார்."

யசீகரன் ஓடினான்.

ஈரப் புல். ஒரு காலடி இல்லை.

கம்பத்தடியில் தோல் கிடந்தது.

உறிஞ்சின தோல்.

அன்றைக்கே நரேந்திராவின் மனைவி பிரேம்வதியிடம் போனான். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "அவரோட சாம்பல்ல ஒரு பிடி அந்தக் கோலுக்குப் பின்னாலதான் தூவினோம். யாருக்கும் சொல்லல," என்றார்.

"ஏன் அங்க?"

"ஆஸ்பத்திரியில அவர்தான் கேட்டார். 'எனக்கு அப்புறம் வர்றவன் அங்கே எப்படி ஜெயிக்கிறான், நானும் பாக்குறேன்'னு."