விஞ்ஞானக் கொப்பிக்குள் போன பாஸ்போட்

கண்டி டவுனில் படித்தவள் என்று சொன்னால் எங்கள் ஊர் ஆட்கள் இப்போதும் ஒரு மரியாதையோடு பார்ப்பார்கள். எனக்கென்று ஒரு கட்டில்கூட இல்லாமல் படித்தேன் என்பதை நான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

டவுன் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததும் வாப்பா என்னை எங்கள் ஊரான கலகெதரவிலிருந்து கூட்டி வந்து, அம்பிட்டியவில் மாமி வீட்டில் விட்டார். மாமி வாப்பாவின் தங்கச்சி, பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டு மாடியில் நின்றால் மரங்களுக்கு இடையில் கண்டி வாவி ஒரு கையளவு தெரியும். அந்தக் கையளவு வாவியை நம்பித்தான் மாமாவும் மாமியும் மூன்று அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுத்து வந்தார்கள். ஆட்கள் இல்லாத நாட்களில் எனக்கு மாடி அறை, பெரிய கட்டில், நுளம்பு வலை, ராணி மாதிரித்தான். ஆட்கள் வந்தால் கீழ் அறை. இன்னும் வந்தால் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் மெத்தை. பெரஹரா திருவிழாக் காலத்தில் குசினியில் தேங்காய்க் கூடைக்குப் பக்கத்தில் படுத்து பின்னக் கணக்குப் படித்திருக்கிறேன். வந்து ஒன்றரை வருஷமாகியும் என் உடுப்புகள் பையை விட்டு இறங்கவில்லை.

ஆனால் அந்த வீட்டின் இங்கிலீஷ் நான்தான். மாமாவுக்கு 'குட் மோர்னிங்', 'நோ புரொப்ளம்' இரண்டோடு சரக்குத் தீர்ந்துவிடும். வருகிறவர்களின் பெயர், நாடு, பாஸ்போட் இலக்கம் எல்லாவற்றையும் பதிவுப் புத்தகத்தில் எழுதுவதும், போனில் வரும் செய்திகளை வாசித்துச் சொல்வதும் என் வேலை. பாஸ்போட்டை மாமி வாங்குகிற விதத்தைப் பார்க்க வேண்டும். ஓதுகிற கிதாபை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கி, தன் அறையிலிருக்கும் அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வா. "அமானிதம் மகள். நம்மள நம்பித் தந்த சாமான். ஒரு கீறல் படப்படாது" என்பா. அந்த அலுமாரிப் பக்கம் போக மாமாவுக்கே அனுமதி இல்லை.

என்னை விட்டுப் போகும்போது உம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மாமிக்குக் கரைச்சல் குடுக்கப்படாது." குடுத்தால் என்ன நடக்கும் என்று சொல்லவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன்: குடுத்தால் பையோடு கலகெதர.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஜெர்மன்காரி ஒருவர் வந்து தங்கினார். ஐந்து நாள் இருப்பதாகச் சொன்னவர், மகளுக்குப் பிள்ளை பிறக்கிற நேரம் முந்திவிட்டது என்று செய்தி வர, பயணத்தை மாற்றிவிட்டார். இரவு விமானம். பின்னேரம் நாலு மணிக்கு எயார்போட்டுக்குக் கொண்டுபோக வான் வரும். அன்று காலையில்தான் மாமாவுக்கு ஞாபகம் வந்தது, அந்தப் பாஸ்போட்டை இன்னும் போட்டோக்கொப்பி எடுக்கவில்லை, நாளைக்குப் பொலிசில் கேட்டால் காட்ட ஒன்றுமில்லை என்று. யார் கேட்டார்கள் என்னை? "ஸ்கூல் கேட்டடியில கொப்பி எடுக்கிற கடை இருக்கு, நான் எடுத்துட்டு வாறேன்" என்று முந்திக்கொண்டு சொன்னேன். மாமிக்கு இஷ்டமில்லை. "ரெண்டு மணிக்குப் புள்ள வந்திருவா தானே" என்றார் மாமா. மாமி அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுக்க, ஜெர்மன்காரி சிரித்துக்கொண்டே அதை என் கையில் தந்தார்.

கடையில் கூட்டம். போட்டோக்கொப்பி எடுத்து முடிய மணி அடித்துவிட்டது. பாஸ்போட் மடங்கக் கூடாதே என்ற பெரிய கவனத்தில், பாடம் எழுதுகிற விஞ்ஞானக் கொப்பிக்குப் போட்டிருந்த பிரவுண் பேப்பர் உறையின் மடிப்புக்குள் அதைச் செருகினேன். இரண்டாம் பாடத்தில் விஞ்ஞான டீச்சர் கொப்பிகளைக் கேட்டா. அடி என்ட மூளையே! நானே எழும்பிப் போய், கொப்பியை அடுக்கின் மேலே வைத்து, விளிம்பையும் நேராக்கிவிட்டு வந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டுக் கேட்டைத் தாண்டும்போதுதான் பைக்குள் கையை விட்டேன். விஞ்ஞானக் கொப்பி இல்லை. ஆசிரியர் அறைக்கு ஓடினேன். டீச்சருக்குக் காய்ச்சல், இடைவேளையோடு கொப்பிகளையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாவாம். வீடு கடுகண்ணாவையில். ஸ்டேஷனுக்குப் பின்னால் ரயில்வே குவாட்டர்ஸ் என்று வகுப்பில் ஒருமுறை சொல்லியிருந்தா.

கொப்பி எடுத்த கடையிலேயே போன் இருந்தது. மாமியின் இலக்கம் எனக்குத் தலைகீழாகவும் தெரியும். எடுக்கவில்லை. எடுத்து என்னவென்று சொல்ல? மணி ஒன்று நாற்பது. ஓடிப் போய் ஓடி வந்தால் வான் வருவதற்கு முன் வீட்டில் நிற்கலாம், யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். பின்னக் கணக்கில் எப்போதும் கோட்டை விடுகிறவள் போட்ட கணக்கு அது. ரயில் நிலையத்துப் பக்கம் போய், கேட்டு விசாரித்து, கடுகண்ணாவையால் போகும் மாவனல்லை பஸ்ஸில் ஏறினேன். தனியாகப் பஸ் ஏறியது வாழ்க்கையில் அன்றுதான் முதல் தடவை. பேராதனையில் பஸ் நின்றது நின்றதுதான். எனக்குத் தெரிந்த சூராக்களையெல்லாம் ஓதி முடித்துத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன்.

டீச்சர் கதவைத் திறந்து, வெள்ளை உடுப்போடு வியர்த்து நின்ற என்னைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனா. "தனியாவா வந்த? வீட்டுல தெரியுமாம்மா?"

"தெரியும் டீச்சர். மாமா ரோட்டடியில நிக்கிறார்" என்றேன். பொய் அவ்வளவு சுகமாக வரும் என்று எனக்கே தெரியாது.

கொப்பிக் கட்டு பிரிக்காமலே கிடந்தது. உறைக்குள் பாஸ்போட் இருந்தது. டீச்சர் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போன நேரம் பார்த்து நான் இறங்கி ஓடிவிட்டேன். மூன்றேகாலாகியிருந்தது. திரும்பும் பஸ் பிலிமத்தலாவையில் ஊர்ந்தது. நாலு மணி பேராதனையிலேயே போய்விட்டது. ஜெர்மன்காரியின் மகள் ஆஸ்பத்திரியில் கிடப்பதையும், வான் ஹோர்ன் அடிப்பதையும், மாமி இடுப்புச் சாவியைத் தடவிப் பார்ப்பதையும் நினைத்து நினைத்து அழுதேன். பக்கத்திலிருந்த மனுசி சிங்களத்தில் ஏதோ கேட்டு ஒரு டொபி தந்தா. அதையும் பாஸ்போட்டையும் கைக்குள் பொத்திக்கொண்டே வந்தேன்.

மாமி வீட்டு வளைவில் நடந்து ஏறும்போது ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம். தூறல். வான் கேட்டடியில் நின்றது. வழக்கமாக அங்கே நிற்கும் மாமாவின் ஓட்டோ இல்லை. மாமி ரோட்டில் நின்றா. வெறுங்காலோடு, தலையில் முக்காடு இல்லாமல். ஒன்றரை வருஷத்தில் முக்காடு இல்லாத மாமியைக் கேட்டுக்கு வெளியே நான் பார்த்ததே இல்லை. யா அல்லாஹ், பாஸ்போட் விஷயம் இவ்வளவு தூரம் போய்விட்டதா என்று நினைத்தேன்.

"மாமி, பாஸ்போட்..." என்று இரண்டு கையாலும் நீட்டினேன், அவ வாங்குகிற மாதிரியே.

அறைந்தா. எனக்கு அதுவரை யாரும் அப்படி அறைந்ததில்லை. பாஸ்போட் கையிலிருந்து தெறித்துச் சேற்றில் விழுந்தது. மாமி குனியவில்லை, அது விழுந்த பக்கம் திரும்பவுமில்லை. "எங்க போன? எங்க போன நீ?" என்று என்னைப் பிடித்து உலுக்கினா, பிறகு உலுக்கிய கையாலேயே இறுக்கிக்கொண்டா. எனக்கு மாமியின் தோளுக்கு மேலால் சேற்றில் கிடந்த பாஸ்போட் மட்டும்தான் தெரிந்தது. கீறல் படப்படாதே! வான்காரர்தான் இறங்கி வந்து அதை எடுத்துத் தன் சேட்டில் துடைத்தார்.

கொஞ்ச நேரத்தில் மாமாவின் ஓட்டோ வந்தது. உள்ளே ஜெர்மன்காரியும் இருந்தார். இரண்டு பேரும் மூன்று மணியிலிருந்து வாவியைச் சுற்றி, பஸ் தரிப்பிடம் பஸ் தரிப்பிடமாக, என் போட்டோவைக் காட்டிக் கேட்டுத் திரிந்திருக்கிறார்கள். அந்த மனுசி இறங்கி ஓடி வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. வானில் ஏறும்வரைக்கும் பாஸ்போட்டைக் கேட்கவுமில்லை. வான்காரர்தான் ஞாபகப்படுத்திக் கொடுத்தார்.

அன்றிரவு மாமி வாப்பாவோடு போனில் பேசினா. பேச்சைவிட அழுகைதான் கூட. எனக்கு விளங்கிவிட்டது, கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறா.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பகல் போல ஜெர்மனியிலிருந்து செய்தி வந்தது. வழக்கம்போல நான்தான் வாசித்தேன். முதல் வரியில், பிள்ளை நன்றாக இருக்கிறாளா, அவளை ஏசாதீர்கள் என்று என்னைப் பற்றிக் கேட்டிருந்தார். இரண்டாவது வரியில்தான் தன் பேத்தி பிறந்த செய்தி. முதல் வரியை வாசித்தால் மாமிக்குத் திரும்பவும் கோபம் வருமே என்று, பேரப்பிள்ளையை மட்டும் வாசித்தேன்.

"ஒங்களப் பத்தி ஒண்டும் கேக்கல்லையா?" என்றா மாமி.

"இல்ல மாமி."

மாமி எழும்பி உள்ளே போனா. இனிப் போகவேண்டியதுதான் என்று நானும் போய், கொடியில் கிடந்த என் உடுப்புகளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தேன். அழாமல்தான் வைத்தேன். மாமி வந்து, பையைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனா. பின்னாலேயே போனேன். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அலுமாரியைத் திறந்து, நடுத் தட்டைக் காலி செய்து, என் உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் அடுக்கினா. பள்ளிக்கூட வெள்ளை உடுப்பைக் கடைசியாக வைத்து, கையால் தடவிச் சுருக்கம் எடுத்து, பூட்டினா. என் மெத்தை ஏற்கெனவே மாமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் விரிக்கப்பட்டிருந்தது.

வாப்பா வரும்வரைக்கும் நான் ஓடிப்போகாமல் இருக்கத்தான் உடுப்புகளைப் பூட்டி வைக்கிறா என்று நினைத்தேன். அப்போதுதான் அழுதேன்.