கொழுந்து கிள்ளிய கைக்குக் கொய்யா காய்த்த கதை

லிந்துலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயமொன்றில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவராகப் பிறந்த அக்கா, கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒரு வருடமாகிறது. அம்மா சீக்கிரமே போய்விட்டதால், பள்ளிக்கூடப் பையை வைத்துவிட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டவர் அவர். அந்தக் கூடையால்தான் தம்பிகள் நாங்கள் படித்தோம். கடைக்குட்டியான நான் படித்ததாகச் சொல்லிக்கொள்கிறேன்; தலவாக்கலையில் ஆட்டோ ஓட்டுகிறேன். எதற்கெடுத்தாலும் பதறுவது மட்டும் யாரும் சொல்லித்தராமல் வந்தது.

எங்கள் ஆலயத்தில் அறுப்புப் பண்டிகையன்று அவரவர் வீட்டில் விளைந்ததைப் பீடத்தின் முன் வைப்போம். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். லயத்தில் மண் ஏது? அக்கா கடையில் வாங்கிய வாழைப்பழத்தைத்தான் வைப்பார்.

“காலமெல்லாம் பறிச்சது தோட்டத்துக்குப் போச்சுடா தம்பி. ஒரு தடவயாச்சும் ‘இது நான் வளத்தது’ன்னு ஆண்டவருக்கு முன்னால வைக்கணும்” என்பார்.

ஓய்வு பெற்றுத் தனி வீடு கிடைத்ததும், வலப்பனைச் சந்தையில் இரண்டு கொய்யாக் கன்றுகள் வாங்கி, பாதியாக வெட்டிய பீப்பாய்களில் வைத்தார். வெயிலும் அடுப்புச் சூடும் படும் குசினிச் சுவரோரம் அவற்றுக்கு இடம். பனிக்காலத்தில் சாக்குப் போர்வை. என்னைக்கூட அவ்வளவு பொத்திப் பொத்தி வளர்த்ததில்லை. செடிகள் தளதளவென்று நின்றன. வருடங்கள் போயும் ஒரு பூ கிடையாது.

ஒரு மழை நாளில் அக்கா படியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நான் போட்ட கூச்சலைப் பார்த்து, நர்ஸ் என்னைத்தான் கட்டிலில் படுக்கச் சொன்னார். மாவுக்கட்டு அவிழ்க்கும்வரை அக்காவின் மகள் அவரை வெளியே விடவில்லை. கட்டு அவிழ்த்த பிறகு கொல்லைப்பக்கம் போன அக்கா, அங்கிருந்து கத்தினார்.

“அடேய், இங்க வாடா! பூத்துக் கெடக்கு!”

நுனியெல்லாம் நீண்டு வளர்ந்து வெள்ளைப் பூக்கள். அக்கா கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போகும்போதும் வரும்போதும் தன்னையறியாமல் கொய்யாத் தளிரைக் கொழுந்து மாதிரிக் கிள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார்!

“அதான் தேயிலை மாதிரி மட்டமா நின்னுச்சு. நல்லவேள, கொழுந்து நிறுக்கிற எடத்துக்குக் கொண்டு போகல!”

பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை, பழுத்தது முழுவதையும் வேகவைத்து, விதை போக வடித்து, ஜேம் காய்ச்ச ஒரே சட்டியில் சீனியோடு அடுப்பில் ஏற்றினார். கெட்டால் மாற்றுக்கு ஒரு பழமும் இல்லை; மறுபடியும் கடை வாழைப்பழம்தான். பதம் வந்ததா என்று குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பார்க்கும் வேலை என்னுடையது.

“ஓடுதுக்கா! தண்ணி மாதிரி ஓடுது! போச்சு!”

“நீ ஓடாம நில்லுடா. தேசிக்காய்ப் புளிய ஊத்திக் கிண்டு.”

எலுமிச்சைச் சாற்றை ஊற்றிக் கிண்டினேன். “ஆண்டவரே, கெட்டியாக்கும்!” என்று வாய்விட்டு ஜெபித்தேன்.

“மாமா, ஜெபம் பண்ணுங்க, கரண்டிய நிறுத்தாதீங்க” என்றாள் அக்காவின் மகள்.

அடுத்த சொட்டு ஓடவில்லை. தட்டைக் கவிழ்த்தும் பார்த்தேன், ஒட்டிக்கொண்டு நின்றது. நான் ஆடிய ஆட்டத்தில் கரண்டி பறந்தது.

மறுநாள் சிவந்த ஜேம் போத்தல்கள் பீடத்தின் முன் வரிசையாக நின்றன. ஏலத்தில் அவற்றுக்குப் பெரிய போட்டி. போதகர் ஐயா ஒரு போத்தலைத் தூக்கிப் பிடித்து, “இது யார் வீட்டு விளைச்சல்?” என்று கேட்டார். அக்கா எழுந்து நின்றார்.

“என்னோடதுங்க ஐயா. நான் வளத்தது.”

கைதட்டல் சத்தத்தில் நான் அழுததை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அதன்பின் வந்த பண்டிகைகளுக்கும் ஜேம் தவறவில்லை. கடைசியில் இருதய நோய் வந்தபோதும் பயந்தது நான்தான். அக்கா சிரித்த முகமாகவே போனார்.

ஏற்றப் பாதையில் அவரைத் தூக்கிச் சென்ற அயலவர்கள், பார்த்துக்கொண்ட வைத்தியர்கள், தாதியர், போதகர் ஐயா, பாட்டுப் பாடித் தேற்றிய சகோதரிகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவிடம் கொய்யாப் பதியன் வாங்கிப்போன எல்லோருக்கும் ஒரு விண்ணப்பம்: இந்த வருடப் பண்டிகைக்கு உங்கள் வீட்டுப் பழத்தைக் கொண்டுவாருங்கள். போதகர் ஐயா கேட்டால் அக்காவின் மரம் என்று சொல்லிவிடாதீர்கள். எழுந்து நின்று, உங்களுடையது என்று உரக்கச் சொல்லுங்கள்.