உள்காய்ச்சல்

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. வேலைக்காட்டுக்குச் சோற்றுப் பொட்டலம்கூடக் கொண்டுபோகக் கூடாது. கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடுமாம்.

என் சித்திக்கு ஒரே மகன். ஆறு வயதாகியும் நடை இல்லை, பேச்சு இல்லை. அடிக்கடி வலிப்பு வரும் என்பதால் பிள்ளைக்கொட்டகை ஆயா அவனை ஏற்கவில்லை. சித்தப்பா இறந்திருந்தார். சித்தி அவனை முதுகில் கட்டிக்கொண்டுதான் பால்மரம் வெட்டப் போவாள். ஒருநாள் அவன் போட்ட கூச்சலைக் கேட்டு, ரோந்து வந்த சிப்பாய்கள் புதருக்குள் சுட்டுவிட்டார்கள். யார்மீதும் படவில்லை. ஆனால் மறுநாளே, பிள்ளைகளைக் காட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு. வேலைக்குப் போகாவிட்டால் சித்திக்கு வீடும் இல்லை.

அந்த வாரம்தான் எங்கள் லயத்தில் காய்ச்சல் தொடங்கியது. விசித்திரமான காய்ச்சல். ஒரு நாளைக்கு ஒரு பெண்ணுக்கு மட்டும் வரும். மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். காய்ச்சல்காரி தன் வீட்டில் படுக்கவும் மாட்டாள். சித்தி வேலைக்குப் போய்விட, இவள் அங்கே உட்கார்ந்து தம்பிக்குக் கஞ்சி ஊட்டுவாள், எண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிடுவாள்.

“நம்ம வீட்டுக்கு எப்பம்மா வரும்?” என்று கேட்டேன்.

“வியாழக்கெழம,” என்றாள் அம்மா, அரிசி களைந்தபடி.

சொன்னபடியே வந்தது. அன்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் வீடுவீடாகச் சோதிக்க வந்தார். பொய்க் காய்ச்சல் என்று அவர் சொல்லிவிட்டால் தோட்டத்தில் பேரை வெட்டி வேலையைவிட்டு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. சித்தி வீட்டு வாசலிலேயே ஓடிப்போய்ச் சொன்னேன்:

“டிரசரய்யா, அம்மா நெத்தி ஜில்லுன்னு இருக்கு!”

கஞ்சிக் கிண்ணத்தில் அம்மாவின் கை நின்றுவிட்டது. டிரசர் அவளைப் பார்க்கவில்லை; மடியில் கிடந்த தம்பியைப் பார்த்தார். குனிந்து அவன் தலையைச் சற்றே நிமிர்த்தினார்.

“இப்பிடித் தூக்கிப் புடிச்சுக் குடுங்கம்மா. பொரையேறாது.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “இது உள்காய்ச்சல் பாப்பா. தொட்டாத் தெரியாதுலா.”

“எனக்கும் ஒட்டிக்குமா?”

“ஒட்டணும்,” என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மருந்து கொடுக்கிற மனிதர், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் ஒட்ட வேண்டும் என்று ஏன் ஆசைப்படுகிறார் என்பது மட்டும் எனக்கு விளங்கவேயில்லை.