இன்பமணியின் நூற்றெண்பது நாள்

இன்பமணி அக்கா சார்ஜாவில் ஒரு சிறிய மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். பாளையங்கோட்டையில் படித்து, அங்கேயே சில வருடம் வேலை பார்த்துவிட்டு, முப்பது வயதில் விமானம் ஏறியவர். நானும் அதே பிரிவில்தான் இருக்கிறேன். நான் அதே திருநெல்வேலிப் பக்கத்துக் களக்காட்டுக்காரி என்பதால் என்னோடு கொஞ்சம் கூடுதலாகப் பேசுவார். அவருக்கு நேர்ந்ததை அவர் வாயாலேயே பலமுறை கேட்டிருக்கிறேன்.

அவருடைய வீட்டுக்காரர் கிங்ஸ்லி பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். மகள் அபிஷா மட்டும் அக்காவோடு சார்ஜாவில் இருந்து படித்தாள். அவளுடைய விசா அக்காவின் விசாவை ஒட்டியது. அம்மாவின் விசா போனால் மகளுடையதும் போய்விடும்.

2023 ஜூலையில் கிங்ஸ்லி வண்ணார்பேட்டை பக்கம் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அபிஷா அப்போது பிளஸ் டூ. அவளைப் பள்ளியிலிருந்து எடுக்க முடியாது. பக்கத்து ஃபிளாட்டில் இருந்த மைதீன் பாத்திமாவிடம் மகளை விட்டுவிட்டு, சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்து, இருபத்தெட்டாம் தேதி அக்கா ஊருக்கு வந்தார்.

அந்த நாட்டில் குடியிருப்பு விசா வைத்திருப்பவர் தொடர்ந்து நூற்றெண்பது நாளுக்கு மேல் வெளியே இருந்தால் விசா செல்லாமல் போகும். காரணம் காட்டி மறுபடி அனுமதி கேட்க வழி இருக்கிறது. கிடைக்கும் என்று உறுதி கிடையாது. அக்கா எண்ணிப் பார்த்து, ஜனவரி 24க்குள் திரும்பிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டார். கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரி ஐந்தாம் தேதி கிளம்பலாம் என்பது திட்டம். கிங்ஸ்லிக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து இரண்டாவது அறுவை சிகிச்சை நடந்தும்கூட, கணக்குப்படி நாள் போதுமானதாகத்தான் இருந்தது.

டிசம்பர் பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. மறுநாள் காலையில் தாமிரபரணி, அவர்கள் வாடகைக்கு இருந்த திருநெல்வேலி மீனாட்சிபுரத்துத் தெருவுக்குள் வந்துவிட்டது. வாக்கரைப் பிடித்து நடந்துகொண்டிருந்த கிங்ஸ்லியை நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கா கையில் கிடைத்ததை எடுத்தார். கிடைத்தது கிங்ஸ்லியின் எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு எல்லாம் இருந்த பைல். இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கையில் செல்போன் நழுவி விழுந்தது. பாளையங்கோட்டையில் கிங்ஸ்லியோடு வேலை பார்க்கும் ஓர் ஆசிரியரின் வீட்டு மாடியில் தங்கினார்கள்.

வியாழக்கிழமை வந்து பார்த்தபோது வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்குச் சகதி. பீரோவைக் கம்பியால் நெம்பித்தான் திறக்க முடிந்தது. கீழ்த் தட்டில் இருந்த பாஸ்போர்ட் ஊறிப்போய் ஒரே கட்டியாக இருந்தது. புண்ணில் ஒட்டிய துணியைப் பிரிப்பதுபோலப் பொறுமையாக ஒவ்வொரு தாளாகப் பிரித்தார். போட்டோ இருந்த தாள் கையோடு உரிந்து வந்தது. பெயர் பாதிதான் தெரிந்தது. எண்ணில் கடைசி மூன்று இலக்கம் இல்லை.

அக்கா வாசலில் சகதிமேலேயே உட்கார்ந்துவிட்டார். முப்பத்து நாலு நாள் மிச்சம். பிப்ரவரி நடுவில் அபிஷாவுக்குப் பரீட்சை.

கிங்ஸ்லியின் போனிலிருந்து நாசரைக் கூப்பிட்டார். நாசர் மைதீன் பாத்திமாவின் கணவர், மேலப்பாளையத்துக்காரர். எங்கள் மருத்துவமனையில் விசா, ஐடி வேலைகளையெல்லாம் அவர்தான் பார்க்கிறார். அக்கா அழுகையும் பேச்சுமாகச் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"யக்கா, பைய சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. அந்தக் கிழிஞ்ச பாஸ்போர்ட்ட தூரப் போட்டுராதீய. அதத்தான் ஆபீஸ்ல காட்டணும். புதுசு கைக்கு வந்த அன்னைக்கே போட்டோ எடுத்து அனுப்புங்க. உங்க விசா பழைய நம்பர்ல கெடக்கு. அத மாத்தி, திரும்பி வர அனுமதி வாங்குதது என் பாடு. பிள்ளைய நெனச்சுக் கவலப்படாதீய. பாத்திமா கையில சாப்பிட்டு அவ ஒரு சுத்து பெருத்துட்டா."

அந்தக் கடைசி வாக்கியம்தான் தன்னை எழுப்பி நிறுத்தியது என்பார் அக்கா.

கிறிஸ்துமஸுக்கு மறுநாளைக்கு மறுநாள் பாஸ்போர்ட் ஆபீஸில் நேரம் கிடைத்தது. அக்காவைப்போல நனைந்த பாஸ்போர்ட்டைப் பாலிதீன் பையில் வைத்துக்கொண்டு இன்னும் பலர் வந்திருந்தார்கள். ஆதாரில் இருந்தது கிங்ஸ்லி குடும்பத்தின் ஆழ்வார்குறிச்சி வீட்டு முகவரி. அதனால் விண்ணப்பத்திலும் அதையே போட்டார். போலீஸ் விசாரிக்க வரும்போது கூப்பிடுவார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு வாரம் ஆகியும் யாரும் கூப்பிடவில்லை. அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது: விண்ணப்பத்தில் கொடுத்திருந்த எண் வெள்ளத்தில் போன செல்போனுடையது. புது சிம் வாங்க வேண்டும் என்ற நினைப்பே அந்தச் சகதிக்கு நடுவில் வந்திருக்கவில்லை.

அங்கே ஆழ்வார்குறிச்சியில் கலையரசி என்ற பெண் காவலர் விசாரணைத் தாளோடு வந்து பூட்டிய வீட்டைப் பார்த்திருக்கிறார். போன் போகவில்லை. விண்ணப்பதாரர் இந்த முகவரியில் இல்லை என்று எழுதி அனுப்பியிருந்தால் அவர் வேலை முடிந்திருக்கும். அக்காவின் பாஸ்போர்ட் மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்திருக்கும். அவர் அப்படி எழுதவில்லை. எதிர்வீட்டில் விசாரித்தார். வீட்டுக்காரர் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட கிளார்க் என்று தெரிந்ததும், பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு கிங்ஸ்லியின் எண்ணை வாங்கினார்.

"வீடு பூட்டிக் கெடக்கே, இங்கன குடியிருக்கீயளா இல்லையா?" என்று கேட்டார்.

அக்கா மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளத்துக்குப் பிறகு ஆழ்வார்குறிச்சிக்கே போய்விடுவதாகத்தான் இருந்தார்கள், கிங்ஸ்லியை உட்கார வைத்துக் கூட்டிப்போக வண்டி அமையவில்லை என்றார்.

"பொய் எழுத மாட்டேன் பாத்துக்கிடுங்க. வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் இன்னொரு விசாரணை இருக்கு. அதுக்குள்ள வந்து குடியேறிட்டியன்னா, பாத்தத எழுதுதேன்" என்றார் கலையரசி.

மறுநாளே ஒரு வேன் பிடித்து, பின்சீட்டில் மெத்தை போட்டு கிங்ஸ்லியைக் கிடத்தி ஆழ்வார்குறிச்சிக்குப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை கலையரசி வந்தபோது அக்கா ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார். ஆதார், ரேஷன் கார்டு, பக்கத்து வீட்டார் இருவரின் கையெழுத்து. கால் மணி நேரத்தில் முடிந்தது. காபி போடுகிறேன் என்று அக்கா சொன்னதற்கு, இன்னும் மூன்று வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார்.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, தபாலில் புது பாஸ்போர்ட் வந்தது. பழையதையும் செல்லாது என்று முத்திரை குத்தித் திருப்பித் தந்திருந்தார்கள். போட்டோ எடுத்து நாசருக்கு அனுப்பினார். நாசர் மருத்துவமனைக் கடிதம், வெள்ளச் செய்தி, இரண்டு பாஸ்போர்ட்டின் நகல் எல்லாவற்றையும் இணைத்து மனுப் போட்டார். ஒருமுறை போட்டோ சரியில்லை என்று திரும்பி வந்தது. இன்னொருமுறை நேரில் வரச் சொன்னார்கள். வேலைநேரத்துக்கு இடையில் மூன்று நாள் அந்த அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார். பதினெட்டாம் தேதி மதியம் அனுமதி வந்தது.

இருபத்தொன்றாம் தேதி திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கவுன்டரில் இருந்த பையன் புது எண்ணைத் தட்டிவிட்டு விசா காட்டவில்லை என்றான். அக்கா அனுமதிக் காகிதத்தை நீட்டினார். அவன் மேலதிகாரியைத் தேடிப் போனான். அந்த இருபது நிமிடமும் பின்னால் நின்ற வரிசையைத் திரும்பிப் பார்க்கத் தனக்குத் தைரியம் வரவில்லை என்பார். பிறகு அவன் வந்து போர்டிங் பாஸை நீட்டினான்.

சார்ஜாவில் இறங்கியபோது அது நூற்று எழுபத்தேழாவது நாள். வெளியே மைதீன் பாத்திமாவும் அபிஷாவும் நின்றார்கள். அபிஷா நிஜமாகவே பெருத்திருந்தாள். அக்கா மகளைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் பாத்திமாவின் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

அபிஷா பரீட்சை எழுதித் தேறி, இப்போது பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள். கிங்ஸ்லி கம்பு ஊன்றி நடக்கிறார், வேலைக்கும் போகிறார். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அக்கா மூன்று பேருடைய பெயரைச் சொல்வார். நாசர், மைதீன் பாத்திமா, கலையரசி.

போன வருடம் நானும் அக்காவும் ஒரே சமயத்தில் விடுப்பில் ஊருக்கு வந்தோம். கலையரசியைப் பார்க்க அக்கா ஆழ்வார்குறிச்சி ஸ்டேஷனுக்குப் போனார். அவர் களக்காட்டுக்கு மாறுதலாகிவிட்டதாகச் சொன்னார்களாம். எங்கள் ஊராயிற்றே, நானும் கூடப் போனேன்.

கலையரசிக்கு அக்காவை அடையாளம் தெரியவில்லை. வெள்ளம், வேன், ஒட்டடை என்று அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல யோசித்துப் பார்த்தார். "அந்த மாசம் எம்பது வீடு பாத்தேம்க்கா" என்று கூச்சத்தோடு சிரித்தார். கொண்டுபோன பேரீச்சம்பழ டப்பாவை வாங்க ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்க மகளுக்கு வருசம் வீணாகாம இருந்ததுக்கு நீங்கதான் காரணம்" என்றார் அக்கா.

"நான் என்ன செஞ்சேன், பாத்தத எழுதுனேன்."

"பாக்கதுக்கு ரெண்டாவது தடவ வந்தீயல்லா" என்றார் அக்கா.

கலையரசி டப்பாவை வாங்கித் திறந்து, எங்களுக்கும் ஸ்டேஷனில் இருந்த எல்லோருக்கும் ஒவ்வொரு பழமாகக் கொடுத்துவிட்டு, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.